ஒரு தலை முடி, திருப்பித் தரத்தக்கது

ஜூன் 11, செவ்வாய்

இது போன வருடத்து டைரி. என் வீட்டுக்காரர் திருமலைக்கு அவர் பஸ் ஓட்டிய டிராவல்ஸில் கொடுத்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் டிவி பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். அச்சடித்த கிழமையெல்லாம் தப்பாக இருக்கிறது, அடித்துவிட்டு எழுதுகிறேன்.

இன்று அவர் கட்டிலிலிருந்து குழாயடி வரைக்கும் கோல் இல்லாமல் நடந்தார். பதினோரு அடி. எண்ணினேன். நவம்பரில் ஒரகடம் கூட்டு ரோட்டில் பைக்கில் வந்தவரைக் கன்டெய்னர் லாரி உரசிவிட்டுப் போனது. ஏழு மாதம் கழித்து இன்றைக்குத்தான் அவருடைய பல்லை அவரே நின்றுகொண்டு விளக்கினார். எனக்கு அழுகை வந்தது. அவர், "தண்ணி புடிச்சிக்கினு நிக்காத, மோட்டார ஆஃப் பண்ணு" என்றார்.

கோல் இல்லாமல் நடந்தால் முடியை முழுசாகக் கொடுக்கிறேன் என்று திருத்தணி முருகனிடம் டிசம்பரிலேயே சொல்லிவிட்டேன். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. பென்னலூரில் என்னைப் பெயர் தெரியாதவர்கள்கூட 'அந்த முடிக்காரி' என்பார்கள். கனிஷ்காவுக்குத்தான் சொல்ல வேண்டும். ஐந்து வயது ஆகிறது, இன்னும் என் பின்னலைப் பிடித்து, நுனியை வாயில் வைத்துக்கொண்டால்தான் தூங்குவாள்.

ஜூன் 12, புதன்

லீவு எழுதிக் கொடுத்தேன். 'காரணம்' என்ற இடத்தில் 'திருத்தணியில் மொட்டை போட' என்று எழுதினேன்.

பக்கத்து மேஜை தாயாரம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "காய்ச்சல்னு எழுதினா போச்சு. எவளாவது உண்மைய எழுதுவாளா?" எனக்குப் பொய் எழுத வராது என்றில்லை. எத்தனையோ காய்ச்சல் எழுதியிருக்கிறேன். சாமி காரியத்துக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

பிற்காலத்தில் கனிஷ்கா இதைப் படித்தால் நம்ப மாட்டாள். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறது. பழைய போன், கம்ப்யூட்டர் இவற்றின் போர்டுகளைச் சுட்டுப் பொடித்துத் தங்கம் எடுக்கிறார்கள். பொடியைச் சலித்து, எடை போட்டு, பையில் கட்டுவது எங்கள் வேலை. தூசி அறையில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் சேறு நீல பேரலில் போகும். மற்றபடி எங்கள் கம்பெனியில் குப்பை என்று ஒன்று கிடையாது. துடைப்பம் தேய்ந்தால் எரித்துச் சாம்பலைச் சலிப்பார்கள். தரை துடைத்த துணி, கையுறை, கால்மிதி, பழைய யூனிஃபார்ம் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். கை கழுவிய தண்ணீர்கூட ஒரு தொட்டியில் தங்கிவிட்டுத்தான் வெளியே போகும். ஷிப்ட் முடிந்ததும் ஒரு தட்டுக்கு மேலே குனிந்து தலை சீவ வேண்டும். ஆளுக்கொரு சீப்பு, என்னுடையது ஏழாம் நம்பர். உதிர்ந்த முடி ஒரு டப்பாவுக்குள் போகும். டப்பாவுக்குப் பூட்டு உண்டு.

இன்று ஹெச்.ஆர். நிலவன் கூப்பிட்டார். சென்னைப் பிள்ளை, உட்காரச் சொல்லித்தான் பேசுவார். லீவு ஃபாரத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"மேடம், லீவுல பிரச்சினை இல்ல. முடியிலதான் பிரச்சினை."

தூசி அறையில் எதன் மேல் தூசி படிந்தாலும் அந்தத் தூசி கம்பெனிச் சொத்தாம். வேலைக்குச் சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட பேப்பரில் பதினேழாவது பாராவாம். 'எந்தப் பரப்பாயினும்' என்று இருக்கிறதாம். நாலு வருடத் தூசி என் தலையில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் வெளியே யாரிடமாவது கொடுத்தால் —

"யாராவது இல்ல சார், முருகன்" என்றேன்.

"மூணாவது நபர்னு வருது மேடம்" என்றார். கிண்டல் பண்ணவில்லை, பாவம். நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார்.

ஜூன் 15, சனி

தினமும் இந்தத் தலையோடு கேட்டைத் தாண்டித்தானே வீட்டுக்கு வருகிறேன்? அப்போது மட்டும் யாருடைய சொத்து?

ஜூன் 18, செவ்வாய்

கேட்டேன். தலையோடு ஒட்டியிருக்கும்வரை 'பயன்பாட்டில் உள்ள பரப்பு', தலையை விட்டு இறங்கினால் 'கழிவுப் பொருள்' என்றார் நிலவன். எங்கள் கம்பெனியில் பொருளைவிடக் கழிவுக்குத்தான் காவல் அதிகம்.

மேனேஜரிடம் பேசி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாராம். கம்பெனிக்குள்ளேயே ஆள் வரவழைத்து இலவசமாக மொட்டை போட்டுவிடுவார்கள். முடியை எரித்து, உள்ளதைச் சலித்து எடுத்துக்கொண்டு, சாம்பலை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுப்பார்கள். நான் அதைத் திருத்தணிக்குக் கொண்டுபோகலாம். மொட்டை போட்டதற்குக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் சர்டிபிகேட்டும் தருவார்கள்.

"யார்கிட்ட காட்ட?" என்றேன்.

"கோயில்ல கேட்டா."

வீட்டில் வந்து சொன்னேன். திருமலை சிரித்தார் பாருங்கள் — வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டில் ஆடும்படி. விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "முருகன் சீல் பாத்துதான் உள்ள வுடுவாரா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். கம்பெனி மேல் இருந்த கோபம் அதில் பாதி போய்விட்டது.

ஜூன் 21, வெள்ளி

வழியைக் கண்டுபிடித்தது கோதண்டம் அண்ணன். கேட் செக்யூரிட்டி. கம்பெனி நிற்கும் இடத்தில் முக்கால் ஏக்கர் ஒரு காலத்தில் அவருடையது. தன் நிலத்துக்குத் தானே காவல் இருக்கிறேன் என்பார். ரூல் புத்தகம் முழுக்க மனப்பாடம்.

வெளியே போகும் எதற்கும் கேட் பாஸ் வேண்டும். திரும்பி வராத பொருள் என்றால் மும்பை ஆபீஸ் ஒப்புதல் தர வேண்டும், மூன்று மாதம் ஆகும். ரிப்பேருக்குப் போகும் மோட்டார் மாதிரி திரும்பி வரும் பொருள் என்றால் இங்கேயே மேனேஜர் கையெழுத்துப் போட்டால் போதும்.

கோதண்டம் அண்ணன் நிலவனைப் பார்த்துக் கேட்டார். "முடி வளரும் இல்ல சார்?"

"வளரும்."

"அப்ப ரிட்டர்னபிள்தான."

நிலவன் பாஸ் புத்தகத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார். பிறகு எழுந்து மேனேஜர் ரூமுக்குப் போனார். அரை மணியில் கையெழுத்தோடு வந்தார்.

மஞ்சள் காப்பி எனக்கு. அப்படியே எழுதிவைக்கிறேன்:

'பொருள்: தலைமுடி, ஒரு தலை. எடுத்துச் செல்பவர்: காவேரி, தூசி அறை. வகை: திருப்பித் தரத்தக்கது. திருப்பித் தர வேண்டிய நாள்: டிசம்பர் 21. குறிப்பு: மேற்படி முடியில் படிந்துள்ள தூசி முழுவதும் நிறுவனத்தின் தூசி அறையிலிருந்து வந்தது, நிறுவனத்தின் உடைமை.'

மேனேஜர் கையெழுத்து, நிலவன் கையெழுத்து, வட்ட சீல். 'மதிப்பு' என்ற கட்டம் மட்டும் காலி. லேபில் டெஸ்ட் பண்ணி அதை நிரப்பினால் லீவு.

ஜூன் 24, திங்கள்

லேபில் சுடலைக்கண்ணு. திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி. கத்தரியை எடுத்தவன் கை வைக்கவே தயங்கினான். "யக்கா, சாமிக்கு நேந்த முடி, எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றான். பரவாயில்லை தம்பி, முருகனே பாஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள் என்றேன்.

பிடரியில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு கற்றை. வேர்ப்பக்கம் நூல் கட்டி வைத்தான். வேர்ப்பக்கம்தான் புதிது, நுனி எல்லாம் நான் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் முளைத்தது என்றான். நான் யோசித்ததே இல்லை.

முருகனுக்கு முன்னால் கம்பெனிக்குப் பூமுடி கொடுத்துவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

ரிசல்ட் வந்தது. என் தலையில் தங்கம் இல்லை.

இருக்கிறது, ஆனால் புள்ளிக்குப் பின்னால் மூன்று பூஜ்ஜியம் போட்டுத்தான் எழுத வேண்டும். முழு முடியையும் எரித்தாலும் ஒரு மூக்குத்திக்குப் பொட்டு வைக்கக் காணாதாம். நாலு வருடம் அந்தத் தூசியில் நின்றதற்கு இவ்வளவுதானா என்று எனக்கே அவமானமாக இருந்தது. தாயாரம்மாள், "ஷாம்பூ போட்டுப் போட்டுத் தங்கத்த கழுவிட்டா" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

கேன்டீனில் சுடலைக்கண்ணு எதிரில் வந்து உட்கார்ந்தான். தட்டில் சோறு இருக்கிறது, சாப்பிடவில்லை.

"யக்கா, தங்கத்த விடுங்க. அதுக்குக் கீழ உள்ள வரியப் பாத்தியளா?"

லேபில் டெஸ்ட் பண்ணும் மெஷின் எல்லா உலோகத்தையும் அச்சடித்துவிடும். தங்கத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் 'மற்றவை — கழிவு, பொருட்படுத்த வேண்டாம்' என்ற தலைப்பில் வரும். அதில் காரீயம் என்று ஒரு வரி. அதற்குப் புள்ளியும் இல்லை, பூஜ்ஜியமும் இல்லை. 64.

போர்டில் பாகங்களை ஒட்டவைக்கும் பற்றில் இருப்பது அதுதானாம். சுட்டுப் பொடிக்கும்போது தங்கத்துக்கு முன்னால் அது பறக்குமாம். நுனிப்பக்கம் கொஞ்சம், வேர்ப்பக்கம் நிறைய. வயிற்றுவலி, மலச்சிக்கல், கை சோர்வு, மறதி என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தாயாரம்மாளைப் பார்த்தேன். மூன்றாவது மேஜையில் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக அப்படித்தான் குடிக்கிறார். வயசாகிறது என்று கிண்டல் பண்ணியிருக்கிறோம்.

"முகத்துக்குக் கட்டுத துணி அதுக்குப் பத்தாது யக்கா" என்றான்.

பிறகு, "சின்னப் புள்ளைகளுக்கு ரொம்ப ஆகாது" என்றான்.

ஜூன் 28, வெள்ளி

வாயில வச்சிக்கினே தூங்கறா. அஞ்சு வருஷமா. நான்தான் பின்னி, நான்தான் கையில குடுத்து — என்ன பொம்பள நான்.

பின்னலை உருவினேன். விழித்துக்கொண்டு அழுதாள். கொண்டை போட்டு முக்காடு கட்டிக்கொண்டு தள்ளிப் படுத்தேன். அம்மாவுக்கு என்மேல கோவமா என்று அப்பாவிடம் கேட்கிறாள்.

ஜூலை 1, திங்கள்

ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். ரத்தத்தில் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியுமாம். எனக்கும் குழந்தைக்கும் எடுத்தார்கள். ரிசல்ட் இரண்டு வாரம். முடியைச் சீக்கிரம் எடுத்துவிடு, குளித்துவிட்டுக் குழந்தையைத் தொடு, பால், கீரை, முட்டை நிறையக் கொடு என்றார்.

இன்னொன்றும் சொன்னார். ரத்தத்தில் இருப்பது தெரியும், எங்கிருந்து வந்தது என்று ரத்தம் சொல்லாது. "எங்களுதில்லன்னு கம்பெனி சொல்லும்மா. அதுக்கு ஏதாவது வச்சிக்கோ."

ஜூலை 3, புதன்

உலகம் தலைகீழாகிவிட்டது. நிலவன் அவரே தூசி அறை வாசலுக்கு வந்து கூப்பிட்டார். லீவு கொடுத்தாச்சு. சம்பளத்தோடு. ஒருநாள் இல்லை, மூன்று நாள். திருத்தணிக்குக் கம்பெனி கார். நாளைக்கே போகலாமே என்றார்.

"டெஸ்ட்ல தங்கம் இல்லன்னு வந்துடுச்சில்ல மேடம். நீங்க தாராளமா குடுக்கலாம். வேண்டுதலத் தள்ளிப்போடக் கூடாது."

மூன்று வாரம் என் முடியைக் கட்டிக் காத்தவர்களுக்கு இப்போது என் தலையில் ஒரு மயிர் இருப்பது பிடிக்கவில்லை.

மத்தியானம் சுடலைக்கண்ணு தண்ணீர்க் குழாயடியில் பார்த்து மளமளவென்று சொன்னான். மேனேஜர் ரிப்போர்ட்டின் கீழ்வரியைப் படித்துவிட்டார். மீதிக் கற்றையை அவனையே எரிக்கச் சொன்னார். ஃபைலில் பழைய தாளை எடுத்துவிட்டுத் தங்க வரி மட்டும் உள்ள புதுத் தாளை வைத்தாயிற்று. "மிச்சம் இருக்கது உங்க தலையில இருக்கதுதான் யக்கா. திருத்தணில லட்சம் பேரு முடியோட சேந்துட்டுன்னா அம்புட்டுதான்." அவனால் வெளியே வந்து சொல்ல முடியாது என்றான். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, நானும் கேட்கவில்லை.

சாயந்திரம் கேட்டில் ஒரு கூத்து. நிலவன் அந்த கேட் பாஸை ரத்து பண்ணச் சொல்லிக் கோதண்டம் அண்ணனிடம் நின்றுகொண்டிருந்தார்.

"பொருள் திரும்பி வராம ரிட்டர்னபிள் பாஸ மூட முடியாது சார். சிஸ்டம் ஒத்துக்காது. போன வருஷம் நீங்க போட்ட ரூல்தான்."

"அவங்க முடி இன்னும் வெளியவே போகலையே அண்ணே."

"டெய்லி ரெண்டு தபா போய்க்கினு வந்துகினு கீது சார்" என்றார் அவர்.

ஜூலை 5, வெள்ளி

முருகன் முடியைக் கேட்கிறார். கம்பெனி முடி போக வேண்டும் என்கிறது. டாக்டரம்மாவும் எடு என்கிறார். வேண்டாம் என்று சொல்ல நான் ஒருத்திதான். அப்படியே தலையில் வைத்திருந்தால் என்றைக்காவது யாராவது கேட்கும்போது இதோ என்று காட்டலாம். எனக்கு மட்டும் இல்லை, தாயாரம்மாளுக்கும் மற்ற பத்துப் பேருக்கும். மழித்துவிட்டால் எங்கள் வாய்ச்சொல் மட்டும்தான் மிஞ்சும்.

ஆனால் வைத்திருப்பது என்றால் எங்கே வைத்திருப்பது? கனிஷ்கா தூங்கும் பாயில்தானே?

திருமலையிடம் கேட்டேன். அவர் கோலை எடுத்துத் தடவிக்கொண்டே, "கொழந்த அழுவுது காவேரி. சாட்சி அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது, சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

திருத்தணி. கம்பெனி காரில்தான் போனோம், அவர் காலுக்கு பஸ் சரிப்படாது. படிக்கட்டுக்குக் கீழே நிறுத்தச் சொல்லிப் பதினோரு படி ஏறினார். ஏறி, உட்கார்ந்து, மூச்சு வாங்கி, "மீதிய கார்ல ஏறிக்கிறேன், முருகன் கோச்சிக்க மாட்டாரு" என்றார்.

மழிக்கிறவர் தண்ணீர் தெளித்துவிட்டு முடியைத் தூக்கிப் பார்த்து, என்னம்மா இந்தக் கனம் என்றார். பின்னல் அப்படியே இறங்கிக் குவியலில் விழுந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆளுடையது மேலே விழுந்தது, அதற்கடுத்தது விழுந்தது. என்னுடையது எது என்று தெரியவில்லை. காணிக்கை கொடுத்தவள் சந்தோஷப்பட வேண்டும். நான் குவியலில் என்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சந்தனம் பூசியதும் டிரைவர் வந்து முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ எடுத்தான். ஆபீசில் கேட்டார்களாம், ஃபைலில் வைக்க. திரும்பி நில்லுங்கக்கா, காதோரம் கொஞ்சம் மிச்சம் தெரிகிறது என்றான். துடைத்துவிட்டேன்.

காரில் வரும்போது கனிஷ்கா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். கடைசியில் என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

ஜூலை 16, செவ்வாய்

ரத்தத்தில் காரீயம் எனக்கு 38. கனிஷ்காவுக்கு 11. குழந்தைக்கு அந்த அளவும் இருக்கக் கூடாது, ஆனால் குறைத்துவிடலாம், பயப்படாதே என்றார் டாக்டரம்மா. தூசி பக்கமே போகக் கூடாது என்று எனக்கு மெடிக்கல் லீவு எழுதினார். தாயாரம்மாளையும் மற்றவர்களையும் அழைத்துவரச் சொன்னார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். பதினொன்று என்ற நம்பரே வேண்டாம் இனிமேல்.

ஜூலை 24, புதன்

தாயாரம்மாளுக்கு 57. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் முப்பதுக்கு மேல். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்கு மனு அனுப்பினோம்.

கம்பெனி நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறதாம், கோதண்டம் அண்ணன் போனில் படித்துக் காட்டினார். காரீயம் நம் அன்றாட வாழ்வில் எங்கும் உள்ளது. ஊழியர்கள் தரமற்ற குங்குமம், பழைய பெயின்ட், தலைச்சாயம் ஆகியவற்றைத் தவிர்க்கவும். வீட்டில் ஈயச்சொம்பில் ரசம் வைப்பதை உடனே நிறுத்தவும்.

எங்கள் பன்னிரண்டு பேர் வீட்டிலும் ஈயச்சொம்பு கிடையாது. தாயாரம்மாள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு, "அதுல வச்சா ரசம் நல்லா இருக்குமாடி?" என்று கேட்கிறார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயது அம்மா, கைப்பை நிறைய ஃபைல். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் ரூமில் ஏ.சி. போட்டு முந்திரி பிஸ்கட் வைத்திருந்தார்கள். முக்காடு கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். தலையில் ஒரு நெல் உயரத்துக்கு முடி, குத்திக்கொண்டிருந்தது.

மேனேஜர் நன்றாகப் பேசினார். அறையைக் கழுவி வைத்திருந்தார்கள், எதையும் காட்டத் தயார். இவர்கள் உடம்பில் காரீயம் இருப்பது வருத்தம்தான், ஆனால் அது இங்கிருந்துதான் வந்தது என்று எப்படிச் சொல்வது? எங்கள் தூசி வெளியே போக வாய்ப்பே இல்லை, ஒவ்வொரு துகளையும் சீவி எடுத்துவிடுகிறோம். இவர்கள் மேல் ஒட்டியிருக்கும் தூசி எங்களுடையது என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?

முடி மட்டும் இருந்திருந்தால் என்று நினைத்தேன். குவியலில் விழுந்தது கண்ணுக்குள் வந்தது.

அப்போதுதான் இந்த டைரி ஞாபகம் வந்தது. தேதி சொல்ல வேண்டியிருக்கும் என்று பையில் எடுத்துப் போயிருந்தேன். ஜூன் 21 பக்கத்தில் மஞ்சள் தாள் மடித்தபடி இருந்தது. ஒன்றரை மாதமாக அதன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன், எனக்கு உறைக்கவில்லை. என்ன புத்தி என் புத்தி.

எழுந்துபோய்க் கொடுத்தேன்.

ஆய்வாளர் அம்மா முதலில் பொருள் என்ன என்று படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். என் தலையைப் பார்த்தார். பிறகு கீழே உள்ள குறிப்பை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்: "மேற்படி முடியில் படிந்துள்ள தூசி முழுவதும் நிறுவனத்தின் தூசி அறையிலிருந்து வந்தது, நிறுவனத்தின் உடைமை."

மேனேஜரைப் பார்த்து, "இது உங்க கையெழுத்துதான?" என்றார்.

நிலவன்தான் மெதுவாக, "ஆமாம் மேடம். என்னுதும் இருக்கு" என்றார். அந்தப் பிள்ளையைத் திட்டத் தோன்றவில்லை. இது தப்பாகப் போட்டது, அந்தப் பாஸ் செல்லாது என்று மேனேஜர் ஆரம்பித்தார். ஆய்வாளர் கேட்டுக்கு ஆள் அனுப்பிக் கோதண்டம் அண்ணனை வரவழைத்தார்.

"பாஸ் உயிரோடதான் கீதுங்க" என்றார் அவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. "சார் கேன்சல் பண்ணச் சொன்னாரு. பொருள் வரலயே, எப்படிப் பண்றது?"

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தூசி அறையைப் பூட்டி சீல் வைத்திருக்கிறார்கள். புகை உறிஞ்சும் மெஷின், சரியான முகமூடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை — இத்தனையும் வந்த பிறகுதான் திறக்க வேண்டுமாம். எல்லோருக்கும் கம்பெனி செலவில் வைத்தியம். லீவு முடிந்ததும் எங்களுக்குப் பேக்கிங்கில் அதே சம்பளத்தில் வேலை.

சீப்பு, தட்டு, பூட்டுப் போட்ட டப்பா எல்லாம் காணாமல் போய்விட்டனவாம். புதிதாக ஒரு பேப்பர் வந்திருக்கிறது, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்: 'ஊழியர் உடம்பிலோ முடியிலோ படியும் தூசிக்கும் நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அது ஊழியரின் சொந்தத் தூசி.' பேப்பரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். தாயாரம்மாளுக்கு வலது மணிக்கட்டு இன்னும் தூக்க வரவில்லை. "என்னால பேனா புடிக்க முடியாதுன்னு சொல்லு" என்றார். நாங்கள் பதினோரு பேரும் அதையே சொல்லிவிட்டோம்.

அக்டோபர் 14, திங்கள்

கனிஷ்காவுக்கு 7. எனக்கு 24. வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 21, சனி

காலையில் போனில் மெசேஜ் வந்தது. கம்பெனி சிஸ்டம் தானாக அனுப்பியது. 'உங்கள் பெயரில் திருப்பித் தர வேண்டிய பொருள் நிலுவையில் உள்ளது: தலைமுடி, ஒரு தலை. இன்று கடைசி நாள்.'

ஷிப்டுக்குப் போகும்போது கோதண்டம் அண்ணன் கேட்டில் மறித்தார். சிரிக்காமல்தான் மறித்தார். கையில் அடிக்கோல். முக்காடு இல்லாத என் தலையில் ஒரு கொத்தை நிமிர்த்தி அளந்தார். இரண்டரை இஞ்ச்.

"எறங்கிப் போனது மூணரை அடி. வந்துகீறது ரெண்டர இஞ்ச். பாக்கி இன்னான்னு எழுதறது?"

"இதையும் எழுதாதீங்கண்ணே. இது அந்த முடி இல்ல."

"இல்ல?"

"அது கம்பெனி முடி. இது வேற. மொட்டைக்கு அப்புறம் வளந்தது."

அவர் அடிக்கோலை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போனார். சிஸ்டத்தில் ஏதாவது காரணம் போட்டால்தான் நகருமாம், இல்லாவிட்டால் வாரா வாரம் மெசேஜ் வரும் என்றார். என்ன போடட்டும் என்று கேட்டார். உள்ளதை உள்ளபடி போடுங்கள் என்றேன். 'திருப்பித் தரப்படவில்லை. முருகனிடம் உள்ளது' என்று ஒரு விரலால் தட்டினார். சிஸ்டம் ஒத்துக்கொண்டது.

தாயாரம்மாள் போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். டம்ளரை ஒரு கையால் பிடிக்கிறார், நிரம்ப ஊற்றினால் கொட்டிவிடுகிறது. திருமலை மறுபடி பஸ் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கனிஷ்காவுக்கு நேற்று வந்த ரிசல்ட் 4.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு அவள் பக்கத்தில் படுத்தேன். தூக்கத்தில் காதை விட்டுவிட்டு மேலே தேடினாள். பிடரியில் ஒரு கொத்து கையில் அகப்பட்டது. பின்ன முடியாது, கையில் நிற்பதே கஷ்டம். இழுத்து இழுத்துப் பிடித்து, நெருங்கி வந்து, அதன் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். வலித்தது. விலக்கவில்லை.